ஊசி முனையில் ஓர் உலகம்

ஒவ்வோர் ஆண்டும் பாடசாலைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு வந்தேன். உம்மா இரவிரவாகத் தைக்கும் சீருடைகளின் காசில்தான் என் வகுப்புக் கட்டணம் போகிறது. ஆனாலும் தையலை ஒரு தொழிலாக எழுத எனக்குத் தோன்றவில்லை. உயர்தரத்தில் சித்திரம் கற்கும் நான், சோஃபி டொய்பர் ஆர்ப் என்ற பெண்ணைப் பற்றி வாசித்த பிறகே அந்தக் கோடு என் மனதை உறுத்தத் தொடங்கியது.

சோஃபி 1889ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பிறந்தார். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். தாய் விடுதி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். சோஃபிக்கு முதலில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அத்தாய்தான். பின்னர் சோஃபி, சரிகைக்கும் பூத்தையலுக்கும் பேர்பெற்ற சென் கேலன் நகரிலும் ஜேர்மனியிலும் துணி வடிவமைப்பைக் கற்றார்.

முதலாம் உலகப் போர் மூண்டதும் தாய்நாடு திரும்பினார். சூரிச் நகரில் ருடோல்ப் லாபனிடம் நடனம் பயின்றார். இசைக்குச் சுரக்குறிகள் இருப்பதுபோல, உடலின் அசைவுகளையும் குறியீடுகளால் எழுதலாம் எனக் கண்டு 1928இல் அம்முறையை வெளியிட்டவர் அந்த லாபன். அவரது மாணவியான சோஃபியோ அசைவின் ஒழுங்கைத் துணியிலும் கொண்டுவந்தார். நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் சந்திப்பதால் கட்டங்கள் பிறக்கின்றன. அக்கட்டங்களிலிருந்தே உருவங்களைத் தவிர்த்து, நிறங்களும் சதுரங்களும் மட்டுமே பேசும் புதிய ஓவியமுறையை அவர் வளர்த்தெடுத்தார்.

1916 முதல் 1929 வரை சூரிச் கைவினைக் கலைப் பாடசாலையில் துணி வடிவமைப்பு கற்பித்தார். இளம் கலைஞர்களின் மேடைகளில் ஆடியபோது முகமூடி அணிந்துகொண்டார். 1918இல் ஒரு நாடகத்துக்காக மரப் பொம்மைகளைச் செய்தார். 1922இல் சிற்பியும் கவிஞருமான ஹான்ஸ் ஆர்ப்பை மணந்தார். கணவரின் கலை வருமானம் தராத காலத்தில் அவருடைய ஆசிரியச் சம்பளமே வீட்டைத் தாங்கியது. பாரிஸ் அருகே இருவரும் வாழ்ந்த வீட்டையும் அவரே வடிவமைத்தார்.

இரண்டாம் உலகப் போர் அந்த வீட்டைவிட்டு அவர்களை விரட்டியது. 1943 ஜனவரி 13ஆம் திகதி, சூரிச்சில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, கணப்பிலிருந்து கசிந்த நச்சுவாயுவால் உறக்கத்திலேயே சோஃபி உயிரிழந்தார். 54ஆவது பிறந்தநாளுக்கு ஆறு நாள்களே இருந்தன. அவருடைய நாட்டுப் பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை கிடைத்ததோ 1971இல்தான்.

ஓவியம் உயர்ந்தது, தையல் வெறும் கைவேலை என்று எண்ணிய உலகில், இரண்டுக்கும் நடுவே அவர் வேலி போடவில்லை. அந்த உண்மையை உலகம் ஏற்கக் காலம் எடுத்தது. 1995இல் வெளியான சுவிஸ் 50 பிராங்க் நாணயத்தாளில் அவரது முகம் இடம்பெற்றது. தாயிடம் ஊசி பிடித்துப் பழகிய சிறுமியின் முகம் ஒரு நாட்டின் பணத்திலே!

இவ்வருடப் படிவம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அடுத்த அறையில் உம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இம்முறை நான் கோடு போடவில்லை. தையற்கலைஞர் என்று தெளிவாக எழுதினேன். கையொப்பமிட வந்த உம்மா அந்த இடத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையொப்பத்தை மட்டும் வழமையைவிட அழகாகப் போட்டார்.