ஏரிக்கு ராமர், பறவைக்குப் பிளேஸ் துரை!

சனி, ஞாயிறு வந்தாலே சென்னைக் கார்களில் பாதி ஈ.சி.ஆர் பக்கம் திரும்பிடும். முட்டுக்காட்டில் படகு, மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில், வழியில் சுடச்சுட மீன் வறுவல். பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் ஜி.எஸ்.டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் திரும்பி வேடந்தாங்கல் போவார்கள். திரும்பாமல் நேரே தெற்கே போனால் மதுராந்தகம் ஏரியும், ஏரி காத்த ராமர் கோயிலும் வரும்.

இந்த இரண்டு இடங்களுக்கும் பொதுவாக ஒரு பெயர் இருக்கு. லயோனல் பிளேஸ். 200 வருஷங்களுக்கு முன்னால் இந்தச் சீமையை ஆண்ட கும்பினி கலெக்டர். ஊர்க்காரங்க வாயில் இன்றைக்கும் அவர் 'பிளேஸ் துரை'தான்.

வறண்ட சீமைக்கு வந்த கலெக்டர்

1763-ல் ஆற்காட்டு நவாப், சென்னையைச் சுற்றியிருந்த இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது நாடே சூறையாடப்பட்டது. ஊர்கள் காலியாகின. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஏரிக்கரைகள் உடைந்து கிடந்தன.

1794-ல் பிளேஸ் கலெக்டராகப் பொறுப்பேற்றார். அடுத்த வருஷமே ஜாகீரின் தலைமையிடம், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருங்குழிக்கு வந்தது. பெரிய ஏரி ஒரு பக்கம், வேடந்தாங்கல் இன்னொரு பக்கம். ரெண்டும் குதிரையில் போய் வரும் தூரம்தான்.

அவரை ரொம்ப நல்லவர்னு சொல்லிவிட முடியாது. வரி வசூலில் கறாரான ஆள். பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் அவருடைய தீர்வையை எதிர்த்து ஊரைவிட்டே வெளியேறினார்கள். அவர் இறங்கி வரவில்லை. சிலரிடமிருந்து மிராசு உரிமையைப் பறித்து வேறு ஆட்களிடம் கொடுத்தார். காஞ்சிபுரம் கோயில் நிர்வாகத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்தார்.

ஆனால், ஒரு கணக்கு அவருக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. இங்கே பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. ஏரி நிரம்பினால்தான் நெல்; நெல் விளைந்தால்தான் வரி. கரையைப் பலப்படுத்துவதும், மதகைச் சரிசெய்வதும் அவருக்குத் தர்மம் மட்டுமல்ல, வருமானமும்கூட.

மழை ராத்திரியில் இரண்டு வில்லாளிகள்

மதுராந்தகம் ஏரி, செங்கல்பட்டு வட்டாரத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. கிளியாற்றுத் தண்ணீர் வந்து சேரும் இடம். பெருமழைக் காலத்தில் கரை உடைவதும், அதை மறுபடி கட்டுவதும் வழக்கமாகவே இருந்ததாம். அதிலிருந்து பிறந்ததுதான் கோயில் கதை.

கரைக்குப் பணம் கொட்டுகிற துரையிடம், ஜனகவல்லித் தாயாருக்கு ஒரு சந்நிதி கட்டித்தரச் சொல்லிக் கோயில்காரர்கள் கேட்டார்கள். இந்த மழைக்குக் கரை உடையாமல் இருக்கட்டும், அப்புறம் கட்டித்தருகிறேன் என்று துரை பந்தயம் போலச் சொல்லிவிட்டார். மழை வெளுத்து வாங்கியது. நடுராத்திரியில் மனசு கேட்காமல் கரைக்குப் போன துரை, கையில் வில்லோடு இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பதைக் கண்டார். விடிந்தபோது கரை அப்படியே இருந்தது. ராமர், ஏரி காத்த ராமர் ஆனார்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், தாயார் சந்நிதியில் இருக்கும் கல்வெட்டு, அந்தத் தர்மத்தைச் செய்தவர் ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரை என்று சொல்கிறது. ராமானுஜருக்குப் பெரிய நம்பி பஞ்ச சம்ஸ்காரம் செய்துவைத்த திருத்தலத்தில் ஒரு வெள்ளைக்காரரின் பெயர்!

துப்பாக்கிக்குத் தடை

வேடந்தாங்கல் கதையில் அற்புதம் எதுவும் கிடையாது. அங்கே இருப்பது மனு. அதனாலேயே எனக்கு அது இன்னும் பெரிய கதையாகத் தெரிகிறது.

வேடர்கள் தங்கிய இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆனால், ஊர் விவசாயிகளுக்குப் பறவை என்பது உரம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் நாரைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் பாயும் வயலில் பயிர் செழிக்கும். அப்படிப்பட்ட பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள்.

1798-ல், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே கொடுத்து 'கவுல்' எழுதித் தந்தார் பிளேஸ். தன் நாட்டுச் சிப்பாய்களின் துப்பாக்கியைத் தடுக்கும் அதிகாரம், ஒரு சின்னக் கிராமத்தின் கையில்! இந்தியாவின் மிகப் பழைய பறவைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாக இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

அதே வருஷம் அவர் பதவியிலிருந்து விலகினார். 1799-ல் ஜாகீர் பற்றி அவர் எழுதிக் கொடுத்த நீண்ட அறிக்கையை, நில உரிமை வரலாற்றை ஆராய்பவர்கள் இப்போதும் புரட்டுகிறார்கள். மொத்தம் நான்கே வருஷ கலெக்டர் வேலை.

தாள் போனாலும் காவல் போகவில்லை

1858-ல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் அந்த உரிமையைப் புதுப்பித்தார். 1936-ல் சரணாலயமாக அங்கீகாரம், 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம். நடுவே 2020-ல், ஏரியைச் சுற்றி 5 கி.மீ என்றிருந்த சரணாலய எல்லையை 3 கி.மீ-ஆகக் குறைக்க ஒரு யோசனை எழுந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. துப்பாக்கிக்குப் பதில் இந்த முறை வரைபடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தீபாவளிக்குக்கூட வேடந்தாங்கலில் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். துரை எழுதித் தந்தது ஒரு தாள். தலைமுறை தலைமுறையாகக் காவல் நிற்பது ஊர்தான்.

போறவங்களுக்கு...

* நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். மழை பொய்த்து ஏரி நிரம்பாவிட்டால் பறவைகளும் குறைவு. விசாரித்துவிட்டுப் போங்க.

* காலை வெயில் ஏறுவதற்கு முன்பும், மாலை 4 மணிக்கு மேலும் நல்ல நேரம். சாயங்காலம் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் பறவைகளைக் காணக் கண் கோடி வேணும்.

* நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் ஆகியவற்றைக் கரையில் நின்றே பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

* ஹாரன், பாட்டு, கூச்சல் வேண்டாம். அடுத்து மதுராந்தகம் போனால், தாயார் சந்நிதிக் கல்வெட்டை மறக்காமல் பாருங்க.