திரித்துவ மடத்தைக் கட்டிய மட்டில்டா அரசி

சங்கத்தின் நூறு ஆண்டைக் கொண்டாடும் நாம், தொள்ளாயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கும் ஒரு கன்னியர் மடத்தையும் அதை எழுப்பிய பெண்ணையும் இங்கே நினைவுகூர விரும்புகிறோம். பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் பல நாடுகளில் மடங்கள் உண்டு. பிரான்சின் நோர்மண்டியில், கான் நகரில் உள்ளது பெண்களுக்காக மட்டில்டா என்ற அரசி கட்டியது.

மட்டில்டா பிளாண்டர்ஸ் பிரபுவின் மகள். தாய்வழியில் பிரெஞ்சு மன்னரின் பேர்த்தி. நோர்மண்டிக் கோமகன் வில்லியத்துக்கு அவரைக் கலியாணம் பேசியபோது, 1049இல் பாப்பரசர் ஒன்பதாம் லியோ கூட்டிய திருச்சபைச் சங்கம் தடை விதித்தது. நெருங்கிய உறவு என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனாலும் கலியாணம் நடந்தது. (மறுத்த பெண்ணை வில்லியம் பின்னலைப் பிடித்து இழுத்தாராம் என்ற கதையை நாம் நம்பவேண்டியதில்லை.) பின்னர் திருச்சபை இணங்கியபோது, பரிகாரமாக இருவரும் கான் நகரில் ஆளுக்கொரு மடம் கட்டினர். அவருடையது ஆண்களுக்கு, இவருடையது பெண்களுக்கு.

திரித்துவ மடத்துக் கோயில் 1066 ஜூன் 18இல் அபிஷேகம் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் மீது படையெடுக்கக் கப்பல்கள் ஆயத்தமாகிய நேரம் அது. கணவர் ஏறிச்சென்ற மோரா என்ற கப்பல் மட்டில்டா கொடுத்ததே. அன்று நிலங்களோடு தங்கள் மகள் சிசிலியாவையும் மடத்துக்குக் காணிக்கையாக ஒப்படைத்தார்கள். பிள்ளையை நேர்ந்துவிடுவது அக்காலத்து வழக்கம்தான். ஆனாலும், அந்தச் சிறுமியின் விருப்பத்தை யார் கேட்டிருப்பார்கள் என்ற எண்ணம் நம்மை உறுத்தாமல் இல்லை. அவளது உடன்பிறந்த பெண்களுக்கு அரசியல் கலியாணங்கள் காத்திருந்தன. இவளுக்கோ மடத்தில் நல்ல கல்வி கிடைத்தது. பிற்காலத்தில் அந்த மடத்துக்கே தலைவியானார்.

கணவர் கடல் கடந்தபோது நோர்மண்டியை ஆண்டவர் மட்டில்டா. 1068இல் இங்கிலாந்தின் அரசியாக முடிசூடினார். மூத்த மகன் றொபேர்ட் தகப்பனை எதிர்த்துக் கிளம்பியபோது, இவர் இரகசியமாகப் பணம் அனுப்பினார். அது வெளிப்பட்டதும் வில்லியம் கோபத்தில் தூதனின் கண்களைப் பிடுங்கக் கட்டளையிட்டார். அவன் தப்பியோடி ஒரு மடத்தில் துறவியானான். தாய் மனத்தை அரசாணை என்ன செய்யும்?

1083 நவம்பர் 2இல் மட்டில்டா காலமானார். தமது முடியையும் செங்கோலையும் திரித்துவ மடத்துக்கே எழுதிவைத்திருந்தார். வில்லியம் பின்னாளில் தாம் கட்டிய மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மட்டில்டா தம்முடையதில், கன்னியர் செபம் பாடும் இடத்தின் நடுவில். 1562இல் மதக் கலகக்காரர் கல்லறையை உடைத்தனர். பிரெஞ்சுப் புரட்சி கன்னியரையும் வெளியேற்றியது. அவர் பெயர் பொறித்த கருங்கல் பலகை அதே கோயிலில் இன்றும் கிடக்கிறது.