தைக்கத் தெரியாத சிறுமியும் டாக்டர் மாண்டிசோரியும்

குழந்தைகளே! எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் நண்பன் யாராவது உங்கள் வகுப்பில் இருக்கிறானா? அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக உழைத்த ஒரு பெண்மணியைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். அங்கே பெண்கள் மருத்துவம் படிப்பது மிக அபூர்வமாக இருந்த காலம் அது. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்க்க அவரை அனுமதிக்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, அந்த அறையில் தனியாக நின்று படித்தார். உங்களால் முடியுமா? எனக்கு நிச்சயமாக முடியாது! 1896இல் அவர் டாக்டர் ஆனார்.

ரோம் நகரில் மனநோயாளிகள் விடுதிகளுக்கு அவர் போனபோது, அறிவு வளர்ச்சி குறைந்த சிறுவர் சிறுமியரும் பெரியவர்களோடு அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இவர்களுக்கு மருந்தைவிடப் பொருத்தமான கல்விதான் தேவை என்று அவருக்குப் பட்டது. 1900இல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை அவர்களோடேயே இருந்தார்.

அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி. கையில் பலம் இருந்தும் அவளுக்குத் தையல் மட்டும் வரவேயில்லை. மாண்டிசோரி ஊசியை வாங்கி வைத்துவிட்டு, காகிதப் பட்டைகளைக் கொடுத்துப் பாய் முடைவதுபோல் மேலும் கீழும் கோத்துப் பழகச் சொன்னார். அதில் கை நன்றாகப் பழகிய பிறகு மறுபடி ஊசியைக் கொடுத்தார். அவள் தைத்துவிட்டாள்! தையலுக்கு முந்தைய படி எது என்று கண்டுபிடித்ததுதான் மாண்டிசோரியின் கெட்டிக்காரத்தனம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வருவான். பிழையாக எழுதிய சொல்லை நூறு முறை எழுதிவரச் சொன்னேன். பாவம், நூறு முறையும் பிழையாகவே எழுதி வந்தான். அவனுக்கு முந்தைய படி எது என்று நான் யோசிக்கவே இல்லை.

எழுத்துக்கும் மாண்டிசோரி இப்படியே ஒரு வழி செய்தார். 8 செ.மீ. உயரத்தில் மர எழுத்துகள் செய்து, எழுதும் திசையிலேயே விரலால் தடவச் செய்தார். கண் பார்க்கும், காது ஒலியைக் கேட்கும், விரலும் வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். நம் திண்ணைப் பள்ளிகளிலும் மணலில் விரலால்தானே எழுதிப் பழகினார்கள்! அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் சிலர், மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. மாண்டிசோரிக்கோ வேறொரு கவலை வந்தது. இவர்களே இவ்வளவு கற்றால், மற்றப் பிள்ளைகள் ஏன் இன்னும் அதிகம் கற்கவில்லை?

1907இல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அங்கே மர எழுத்துகளுக்குப் பதில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு இப்போதும் சிறப்பு ஆசிரியர்கள் இந்தச் சொரசொரப்பான எழுத்துகளைத் தருகிறார்கள்.

1939இல் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு போரில் இத்தாலி எதிரி நாடானதால், பிரிட்டிஷ் அரசு மரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தது. மாண்டிசோரியின் 70ஆவது பிறந்த நாளன்று அவரை விடுதலை செய்தது. பிறகு இருவரும் கொடைக்கானலில் சில ஆண்டுகள் பள்ளி நடத்தினார்கள். 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தில் மாண்டிசோரி காலமானார்.