கலிங்க வேந்தர் காரவேலர்: வெற்றியும் வினையும்

அருகப் பெருமானையும் சித்தர் பெருமக்களையும் வணங்கித் தொடங்கும் அரசர் கல்வெட்டுகளுள் தொன்மையும் பெருமையும் வாய்ந்தது அத்திகும்பா எனப்படும் யானைக் குகைக் கல்வெட்டு. ஒடிசாவில் புவனேசுவரத்தை அடுத்த உதயகிரியில், இயற்கைக் குகையொன்றின் நெற்றியில், பிராகிருத மொழியில் பிராமி எழுத்தில் பதினேழு வரிகளாக அது பொறிக்கப்பட்டுள்ளது. கலிங்க வேந்தர் காரவேலரின் வரலாற்றை ஆண்டுவாரியாக நமக்கு உரைப்பது அக்கல்லே. மழையாலும் காற்றாலும் பல எழுத்துகள் சிதைந்திருப்பினும், அறிஞர் அரிதின் முயன்று படித்தளித்தவற்றால் அவர்தம் வாழ்க்கை நமக்குத் தெளிவாகவே கிடைக்கின்றது.

காரவேலர் பிறந்த மண் போரின் கொடுமையை நன்கு அறிந்த மண். ஏறத்தாழ கி.மு. 261இல் மௌரியப் பேரரசர் அசோகர் கலிங்கத்தின்மேல் படையெடுத்தார். அப்போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர் என்றும், 1,50,000 பேர் தம் நாட்டினின்று பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டனர் என்றும், அதனினும் பன்மடங்கினர் மாண்டனர் என்றும் அசோகரே தம் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில் கணக்குரைத்து வருந்தினார். கலிங்கத்துத் தௌலியிலும் சௌகடாவிலும் அக்கட்டளை பொறிக்கப்படவில்லை. கொன்றவனது வருத்தத்தை அழிந்தோர் மரபினர் முன் வைத்தல் தகாது எனக் கருதினர் போலும்.

அந்த அழிவினின்று மீண்டெழுந்த கலிங்கத்தில், கி.மு. இரண்டாம் அல்லது முதலாம் நூற்றாண்டில், சேதி குலத்து மகாமேகவாகன மரபில் தோன்றியவர் காரவேலர். பதினைந்து ஆண்டு இளமை விளையாட்டில் கழிந்தது. பின்னர் எழுத்து, நாணயம், கணக்கு, நீதி முதலியன கற்று, ஒன்பது ஆண்டு இளவரசராய் இருந்து, இருபத்து நான்காம் வயது நிரம்பியதும் முடிசூடினார்.

முதலாண்டில் புயலால் இடிந்த தலைநகரின் வாயில்களையும் மதிலையும் புதுப்பித்தார். மூன்றாம் ஆண்டில் ஆடலும் பாடலும் விழாக்களும் நிகழ்த்தி நகரை மகிழ்வித்தார். ஐந்தாம் ஆண்டில், முன்னர் நந்த மன்னன் வெட்டுவித்த கால்வாயைத் தலைநகர் வரை நீட்டினார். ஆறாம் ஆண்டில் குடிமக்களின் வரிகளை நீக்கினார். ஒன்பதாம் ஆண்டில் மகாவிசயம் என்னும் அரண்மனையை 38 இலட்சம் செலவில் எழுப்பினார்.

இவற்றின் இடையிடையே போர்கள் நிகழ்ந்தன. இரண்டாம் ஆண்டில் சாதகர்ணியைப் பொருட்படுத்தாது மேற்றிசைக்குப் பெரும்படை அனுப்பினார். எட்டாம் ஆண்டில் கோரதகிரிக் கோட்டையைத் தகர்த்து, இராசகிருகத்தைத் துன்புறுத்தினார். வர்த்தமான மகாவீரர் விபுலகிரிச் சமவசரணத்தில் அறவுரை அருளிய இராசகிருகமே அந்நகரம்.

பதினோராம் ஆண்டுச் செய்தியே நம் உள்ளத்தை மிகவும் நிறுத்துவது. கடற்கரை வணிகநகரான பிதுண்டத்தைக் காரவேலர் கைப்பற்றி, கழுதை பூட்டிய ஏரால் உழுவித்தார் என்று கல்வெட்டு கூறுகின்றது. அதே ஆண்டில், நெடுங்காலம் நிலைத்திருந்த தமிழ் நாடுகளின் கூட்டணியையும் உடைத்தார்.

கழுதை ஏர் என்பதன் பொருளைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பகைவர் மதில்களைக் கழுதை ஏரால் உழுது பாழாக்கிய செய்தி புறநானூற்றின் 15ஆம் பாட்டில் உள்ளது. அதே நூலின் 392ஆம் பாட்டு, அவ்வாறு உழுத நிலத்தில் வரகும் கொள்ளும் விதைக்கப்பட்டதைக் கூறுகின்றது. எருது பூட்டி உழுவது பயிர் விளைய. கழுதை பூட்டி உழுவது அவ்விடம் இனி ஊராகாமல் இருக்க. வீதியும் கோயிலும் அடுப்பும் இருந்த இடத்தில் மீண்டும் மனை எழலாகாது என்பதே அதன் கருத்து. வென்றவன் களத்தில் நிகழ்த்திய செயல் அன்று அது. களம் அடங்கிய பின் நிகழ்த்திய செயல்.

பிதுண்டம் யாருடைய நகரம்? உத்தராத்யயன சூத்திரத்தின் இருபத்தோராம் அத்தியாயத்தில் பிகுண்டம் என்னும் துறைமுக நகரம் வருகின்றது. அதுவே பிதுண்டம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. சம்பா நகரத்துப் பாலிதர் மகாவீரரைப் பின்பற்றிய சிராவகர். அவர் மரக்கலமேறி வணிகத்தின் பொருட்டுப் பிகுண்டம் சென்றார். அந்நகரத்து வணிகர் ஒருவர் தம் மகளை அவருக்கு மணம் செய்து கொடுத்தார். கருவுற்ற மனைவியுடன் அவர் ஊர் திரும்புகையில் கடல் நடுவே மகவு பிறந்தது. சமுத்திரபாலர் எனப் பெயர் பெற்றது. அம்மகன் வளர்ந்து, கொலைத் தண்டனை பெற்ற ஒருவன் இழுத்துச் செல்லப்படுவதைக் கண்டு, வினையின் பயனை உணர்ந்து துறவு பூண்டார். ஒரு மனிதன் கொலைக்களம் செல்வதைக் காணப் பொறாத துறவியின் தாய் பிறந்த நகரத்தை, அருகனை வணங்கிய வேந்தர் ஒருவர் உழுவித்தார். இதைச் சொல்லாமல் காரவேலரின் வரலாற்றை முழுமையாகச் சொல்லவியலாது.

பன்னிரண்டாம் ஆண்டில் அவர் மகதம் புகுந்தார். யானைகளைக் கங்கையில் நீர் அருந்தச் செய்து, மகத மன்னன் பகசதிமிதனைத் தம் அடி வணங்கச் செய்தார். முன்பு நந்த மன்னன் கவர்ந்து சென்ற கலிங்க சினர் திருவுருவத்தை மீட்டுத் தாயகம் கொணர்ந்தார். அவ்வாண்டிலேயே பாண்டிய மன்னரிடமிருந்து முத்தும் மணியும் வந்தன. நம் சமுதாயத்தார் காரவேலரைப் போற்றும்போது முதலில் நினைப்பது இந்தத் திருவுருவ மீட்பையே. அது போற்றத்தக்கதே. ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டின் செயலை அது மறைக்குமோ?

இல்லறத்தார்க்கு நம் ஆசிரியர்கள் ஹிம்சையை நால்வகையாகப் பகுத்துக் கூறினர். சமையல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் தன் நாட்டையும் காக்க நேர்வது விரோத ஹிம்சை. கொல்ல வேண்டும், அழிக்க வேண்டும் என்று எண்ணியே செய்வது சங்கற்ப ஹிம்சை. முதல் மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். நான்காவதை முற்றும் விலக்க வேண்டும். படையெடுத்து வந்த பகைவனை எதிர்த்தல் விரோத ஹிம்சையுள் அடங்கலாம். பணிந்த நகரில் ஏர் பூட்டுவது அதனுள் அடங்காது. அரசர் நம்மவர் என்பதற்காக வினையின் நியதி மாறுவதில்லை. நல்வினை நற்பயனையும் தீவினை தீப்பயனையும் தரும் என்பதே நம் சமயத்தின் அடிப்படை.

பரதேசரும் பாகுபலியாரும் எதிர்நின்றபோது இருதரப்பு அமைச்சரும் கூடி, படைகள் மாள வேண்டா, உடன்பிறந்தார் இருவருமே பொருதுக எனத் தீர்த்தனர். பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என மூன்றோடு அப்பகை முடிந்தது. ஒரு நகரும் எரியவில்லை. அவ்வழி நம் முன்னோர்க்குத் தெரியாத வழி அன்று.

பதின்மூன்றாம் ஆண்டில் காரவேலர் குமரி மலைக்கு வந்தார். அதுவே இன்றைய உதயகிரி. மழைக்காலத்தில் தங்க இடமற்ற அறவோர்க்குக் குகை உறையுள்கள் அமைப்பித்தார். அவர்களுக்கு ஆடைகள் வழங்கினார். உயிர் வேறு உடல் வேறு என்னும் தெளிவை அவர் அடைந்ததாக அவ்வரிக்கு அறிஞர் பொருள் கொள்வர். அவருடைய பட்டத்தரசியும் கலிங்கத்து அறவோர்க்குக் குகையொன்று குடைவித்தார். எல்லாச் சமயத்தாரையும் போற்றியவர், எல்லாக் கோயில்களையும் பழுதுபார்த்தவர் என்று கல்வெட்டு அவரைப் புகழ்ந்து முடிகின்றது. அப்போது அவர்க்கு வயது ஏறத்தாழ முப்பத்தேழு.

அசோகரைப் போல் அவர் வருந்தியதாகக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. அரண்மனைக்கு ஆன செலவு எண்ணப்பட்டுள்ளது. பிதுண்டத்தில் மாண்டவரோ, வீடிழந்து வெளியேறியவரோ எண்ணப்படவில்லை. அந்த மௌனத்தை நாம் வருத்தம் என்று நிரப்பிக் கொள்ளுதல் வாய்மை விரதத்துக்கு ஒவ்வாது.

இன்று மகாவிசய அரண்மனை நிற்கவில்லை. பிதுண்டமும் நிற்கவில்லை. குமரி மலைக் குகைகள் நிற்கின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் பாண்டிய நாட்டு மாங்குளத்தில் கணிநந்தர் என்னும் அறவோர்க்கு நெடுஞ்செழியன் காலத்தில் அமைக்கப்பட்ட கற்படுக்கைகளும் நிற்கின்றன. நம் பிள்ளைகளுக்குக் காரவேலரின் கதையைச் சொல்லும்போது, மீட்கப்பட்ட சினர் திருவுருவத்தையும் இக்குகைகளையும் சொல்வோம். உழப்பட்ட நகரத்தையும் சொல்வோம். நம் அரசர் செய்த ஹிம்சையையும் ஹிம்சை என்றே கூறும் குடும்பத்தில் வளரும் பிள்ளை, பிறர் செய்யும் ஹிம்சையைக் கண்டிக்கும் தகுதியையும் பெறும்.