கிழிந்த காதும் கற்பித்த கையும்

பண்டைய அறுவை மருத்துவம் என்றதும் சுசுருதரின் பெயரும், அறுபட்ட மூக்கைச் சீரமைத்த அவரது முறையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அவர் பெயரால் வழங்கும் சுசுருத சம்ஹிதையில் மூக்கைப் பற்றிய குறிப்பு, ஓர் அத்தியாயத்தின் இறுதியில் சில வரிகளாகவே இடம்பெறுகிறது. சூத்திர ஸ்தானத்தின் 16-ஆவது அத்தியாயமான அது முதன்மையாகப் பேசுவது, காது குத்துதலையும் கிழிந்த காதைச் சேர்த்தலையும்தான்.

விசுவாமித்திரரின் மைந்தர் என்று சுசுருதரை மரபு போற்றுகிறது. தன்வந்திரியாகவே வணங்கப்பட்ட காசி மன்னர் திவோதாசரிடம், தோழர்களுடன் சென்று மருத்துவம் பயின்றார். ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளுள் அறுவைப் பிரிவையே முதன்மையாகக் கற்க விரும்பிய அம்மாணவர்கள், அனைவரின் சார்பிலும் வினா எழுப்பும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர். அவரது காலத்தை அறிஞர்கள் பலவாறு கணிக்கின்றனர். இன்று நாம் காணும் 186 அத்தியாயங்கள் கொண்ட நூல், பின்வந்தோர் பலரின் கைபட்டு வளர்ந்தது. நேபாளத்தில் காக்கப்பட்டுவரும் அதன் சுவடி ஒன்று கி.பி. 878-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அக்காலத்தில் காது குத்துவது அழகுக்காக மட்டுமன்று. குழந்தைக்குக் காப்பாகவும் அது கருதப்பட்டது. துளையில் திரியிட்டு, அதன் பருமனைப் படிப்படியாகக் கூட்டித் துளையைப் பெரிதாக்குவர். பாம்படமும் தண்டட்டியும் அணிந்த பாட்டிமார்களைக் கண்ட நமக்கு இது புதிதன்று. அவ்வாறு வளர்த்த காது, உடல்தோஷத்தாலோ அடிபட்டோ இரண்டாகப் பிளந்துவிடுவதும் உண்டு. பிளவின் வடிவத்துக்கேற்ப 15 வகை இணைப்புகளை நூல் வகுத்துரைக்கிறது. கீழ்மடலே இல்லாதவருக்குக் கன்னத்துத் தசையை, அது உயிரோட்டத்துடன் ஒட்டியிருக்கும் நிலையிலேயே எடுத்து மடல் அமைக்கும் வழியும் கூறப்பட்டுள்ளது.

ஆறிப்போன பிளவின் இரு ஓரங்களையும் தோல் மூடிவிடும்; வெறுமனே சேர்த்துக் கட்டினால் அவை ஒட்டா. எனவே, ஓரங்களைச் சீவிப் புதுப் புண்ணாக்கி, மேடுபள்ளமின்றிப் பொருத்தி, தேனும் நெய்யும் பூசி, பஞ்சும் துணியும் வைத்து, இறுக்கமோ தளர்வோ இன்றிக் கட்ட வேண்டும் என்பது அவர் காட்டும் நெறி. புண் முழுமையாக ஆறும் முன் துளையை மீண்டும் பெருக்கலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. இன்றைய மருத்துவரும் மரத்துப்போக ஊசியிட்டபின், ஓரத்தோலை நீக்கியே தையலிடுகிறார்.

சுசுருதரை ஆசிரியராகக் காட்டும் பகுதிகள் இதனினும் சிறந்தவை. கீறிப் பழகப் பூசணியும் வெள்ளரியும், தைத்துப் பழகத் துணியும் மென்தோலும், காதை இணைத்துக் கட்டிப் பழக மென்மையான தசைத்துண்டும் தாமரை இனத் தண்டும் என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பயிற்சிப்பொருளை அவர் குறிக்கிறார். உடலின் உள்ளமைப்பை அறிய, ஓடும் நீரில் ஏழு இரவுகள் வைத்த சடலத்தை அடுக்கடுக்காகத் தேய்த்து நீக்கிக் கண்ணால் காணச் சொல்கிறார். ஏட்டறிவு மட்டும் உடையவரும் கைப்பழக்கம் மட்டும் உடையவரும் ஒற்றைச் சிறகுப் பறவைக்கு ஒப்பானவர் என்பது அவர் துணிபு.

அந்த இரு சிறகுகளும் பிற்காலத்தில் பிரிந்தன. உடலைத் தொட்டுச் செய்யும் தொழிலைத் தாழ்வாகக் கருதிய சமூகத்தில் நூல் ஓரிடத்திலும் கத்தி வேறிடத்திலும் தங்கின. 1794-இல் இலண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த கவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்கு, புணே அருகே செங்கல் அறுக்கும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித்தோலைக் கொண்டு புது மூக்கு அமைத்தார் என்பதே அது. நூல் சொல்வதோ கன்னத்துத் தோலை. ஏட்டின் துணையின்றியே கை தன் வழியில் வளர்ந்திருந்தது. அந்த இந்திய முறையைப் பின்பற்றி 1814-இல் இலண்டனில் ஜோசப் கார்ப்யூ அறுவை செய்தார். 1816-இல் அதை நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவில் அது ஏடேறிக் கல்லூரிக்குச் சென்றது. இங்கு அதைச் செய்தவரின் பெயரைக்கூட அந்த இதழ் பதிவு செய்யவில்லை.

வேலைப் பிரிவினை உற்பத்தியைப் பெருக்கும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். ஆனால், சிந்திப்போர் ஒருபுறமும் செய்வோர் மறுபுறமும் எனப் பிரிப்பது அறிவின் வளர்ச்சியையே முடக்கிவிடும். பட்டப்படிப்பை உயர்வாகவும் தொழிற்பயிற்சியைத் தோற்றவரின் புகலிடமாகவும் கருதும் மனப்போக்கு நம்மிடையே இன்றும் நீடிக்கிறது. சுசுருதரின் பழமையை எண்ணிப் பெருமைப்படுவது எளிது. தாமரைத் தண்டைக் கையில் கொடுத்துக் கட்டிப் பழகச் சொன்ன அந்த ஆசிரியரின் முறையை நம் வகுப்பறைகளுக்குக் கொண்டுவருவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.