ஐஸ் பாத் எடுக்கப் போறீங்களா? 1849-லேயே நடுக்கும் குளிரில் ஆற்றில் இறங்கிய செபாஸ்டியன் க்னைப் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கிட்டு கிளம்புறது. ரிசார்ட்டில் சானா அறைக்குள் 10 நிமிஷம் வியர்வை கொட்ட உட்கார்றது. வெளியே வந்ததும் ஐஸ் கட்டி மிதக்கும் தொட்டிக்குள் இறங்கி, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு வீடியோ. இப்போதைய 'வெல்னஸ்' வீக்எண்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கு.

இது ஏதோ நேத்து வந்த டிரெண்ட்னு நினைச்சா, அது தப்பு. உடம்பைத் தேற்றிக்கொள்ள குளிர்ந்த தண்ணீரைத் தேடி ஐரோப்பா முழுவதிலிருந்தும் மக்கள் ஒரு சின்ன ஜெர்மன் கிராமத்துக்குப் படையெடுத்த காலம் ஒன்று உண்டு. அதற்குக் காரணம் ஒரு நெசவாளியின் மகன். பெயர் செபாஸ்டியன் க்னைப். இன்றைய ஐஸ் பாத் ரசிகர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது, விட்டுவிட்டது எது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த செபாஸ்டியன் க்னைப்?

1821-ம் ஆண்டு மே 17-ம் தேதி, ஜெர்மனியின் பவேரியா பகுதியில் உள்ள ஸ்டெஃபான்ஸ்ரீட் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர் க்னைப். அப்பா ஏழை நெசவாளி. சின்ன வயதிலேயே மகனும் தறியில் உட்கார வேண்டிய நிலை. வீட்டின் ஈரமான நிலவறையில்தான் நெசவு நடக்கும்.

க்னைப்புக்கு ஒரே ஒரு ஆசை. படித்துப் பாதிரியார் ஆக வேண்டும். அதற்காகக் காசு காசாகச் சேர்த்து வைத்தார். 20 வயதைத் தாண்டிய சமயத்தில் வீடு தீப்பிடித்தது. சேர்த்த பணமும் அதோடு போனது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஆசையை விட்டிருப்பார்கள். க்னைப் விடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் படிக்க வைக்க ஆள் தேடினார். க்ரோனன்பாக் என்ற ஊரில் மத்தியாஸ் மெர்க்லே என்ற பாதிரியார் அவருக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். 1844-ல் டில்லிங்கன் நகரப் பள்ளியில் சேர்ந்தபோது க்னைப்புக்கு 23 வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவரைவிடச் சின்னப் பசங்க.

ஆற்றில் சில நொடிகள்

படிப்பு கைக்கு எட்டிய நேரத்தில் நுரையீரல் நோய் தாக்கியது. இருமல், ரத்தம், பலவீனம். காசநோய்தான் என்று கருதப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. அந்த நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துச் சொன்னதே 1882-ல்தான்.

அந்த நேரத்தில்தான் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கையில் சிக்கியது. அதை எழுதியவர் 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹான் என்ற மருத்துவர். குளிர்ந்த தண்ணீரின் சக்தி பற்றிய நூல் அது. இழக்க வேறு எதுவும் இல்லாத நிலையில், க்னைப் அதை நம்பினார்.

1849 நவம்பர். டில்லிங்கன் வழியாக ஓடும் டான்யூப் ஆறு நடுக்கும் குளிரில் இருந்த மாதம். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை ஆற்றங்கரைக்கு வேகவேகமாகப் போவார். தண்ணீரில் இறங்குவார். சில நொடிகள்தான். உடனே ஏறி, உடுத்திக்கொண்டு, போனதைவிட வேகமாக அறைக்குத் திரும்புவார்.

கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு தேறியது. படிப்பும் தொடர்ந்தது. 1852-ல் அவர் பாதிரியார் ஆனார்.

அப்போ, குளிர்ந்த தண்ணீர் காசநோயைக் குணமாக்குமா?

இல்லை. இதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடலாம். காசநோய் சிலருக்குச் சிகிச்சையே இல்லாமலும் அடங்கிப்போனது உண்டு. க்னைப் தண்ணீரால்தான் பிழைத்தார் என்று நிரூபிக்க முடியாது. இன்று காசநோய்க்கு மாத்திரைகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. முழு கோர்ஸையும் முடித்தால் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். அதை விட்டுவிட்டு ஐஸ் தொட்டியை நம்புவது உயிரோடு விளையாடுவதற்குச் சமம்.

ஆனால் க்னைப்பைப் பொறுத்தவரை, தண்ணீர்தான் அவரைக் காப்பாற்றியது. அந்த நம்பிக்கைதான் அடுத்த 50 வருஷத்தைத் தீர்மானித்தது.

புகார்களும் காலராவும்

மியூனிக்கில் குருமடத்தில் படித்தபோதே, நோயுற்ற சக மாணவர் ஒருவருக்கு இரவில் ரகசியமாகத் தண்ணீர் சிகிச்சை கொடுத்தார் க்னைப். பாதிரியார் ஆன பிறகும் அதை நிறுத்தவில்லை. மருத்துவம் படிக்காதவர் வைத்தியம் பார்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்கள் தரப்பிலிருந்து புகார்கள் போயின. வழக்கும் வந்தது.

1854-ல் காலரா பரவியபோது, நோயாளிகள் பக்கத்தில் போகவே பலர் பயந்தார்கள். க்னைப் போனார். அதிலிருந்து 'காலரா பாதிரியார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1855-ல் வோரிஸ்ஹோஃபன் என்ற கிராமத்தில் உள்ள கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். ஜெபம், பாவசங்கீர்த்தனம் கேட்பது ஆகியவற்றோடு மடத்தின் விவசாயம், மாடு, தேனீ வளர்ப்பு எல்லாவற்றையும் கவனித்தார். தேடி வந்த நோயாளிகளுக்கு மடத்தின் துணி துவைக்கும் அறையிலேயே தண்ணீர் ஊற்றினார். கருவி என்று பார்த்தால், செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளிதான்!

வயசு ஏற ஏற, குளிர் குறைந்தது

க்னைப் கதையில் முக்கியமான திருப்பம் இங்கேதான். பனி ஆற்றில் குதித்துப் பிழைத்தவர் எல்லோரையும் பனி ஆற்றில் குதிக்கச் சொல்லியிருப்பார்னு தோணும் தானே? ஆரம்பத்தில் அவருடைய சிகிச்சை கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் நோயாளிகளைப் பார்க்கப் பார்க்க அவரே மாறினார். மூன்று முறை தன் முறையை மென்மையாக்கியதை 1886-ல் வெளியான 'என் தண்ணீர் சிகிச்சை' என்ற புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முழு உடம்பையும் முக்குவதற்குப் பதிலாக, முழங்காலுக்கு மட்டும், கைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவது. ஆழமில்லாத தண்ணீரில் கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து நடப்பது. அதிகாலையில் பனி படர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடப்பது. நீராவி பிடிப்பதும் உண்டு. ஆனால் அதுவும் அளவோடுதான்.

அவர் விடாமல் சொன்ன விதிகள் எளிமையானவை. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் கூடாது. முதலில் நடந்தோ வேலை செய்தோ உடம்பு சூடாக வேண்டும். தண்ணீர் எவ்வளவு குளிரோ, அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும். துவட்டாமல் கையால் தண்ணீரை வழித்துவிட்டு, துணியைப் போட்டுக்கொண்டு, சூடு திரும்பும்வரை நடக்க வேண்டும்.

தண்ணீர் மட்டும் போதும் என்றும் அவர் சொல்லவில்லை. மூலிகை, உடற்பயிற்சி, எளிய சாப்பாடு, ஒழுங்கான வாழ்க்கை எல்லாம் சேர்ந்தால்தான் பலன் என்றார். இதைத்தான் இன்று க்னைப் முறையின் 5 தூண்கள் என்கிறார்கள்.

கிராமம் ஊரானது, பாதிரியார் பிராண்ட் ஆனார்

புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. பல மொழிகளுக்குப் போனது. வோரிஸ்ஹோஃபனில் தங்க இடம் இல்லாத அளவுக்குக் கூட்டம். ஆஸ்திரிய இளவரசர்களும் வந்தார்கள், கையில் காசில்லாத விவசாயிகளும் வந்தார்கள். புத்தகத்தில் வந்த பணத்தைக் க்னைப் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. 1891-ல் செபாஸ்டியானியம் என்ற சிகிச்சை இல்லம், பிறகு குழந்தைகளுக்கான இல்லம் என்று கட்டிடங்களாக மாறியது.

போப் 13-ம் லியோ அவரை ரோமுக்கு அழைத்து ஆலோசனை கேட்டார். அவருடைய பெயரில் மருந்துப் பொருட்களும், காபிக்குப் பதிலாக மால்ட் காபியும் விற்பனைக்கு வந்தன. செலிபிரிட்டி பெயரில் பொருள் விற்பது அப்போதே ஆரம்பமாகிவிட்டது!

1897 ஜூன் 17-ம் தேதி, வயிற்றில் வளர்ந்த கட்டியால் க்னைப் காலமானார். வயது 76. 1920-ல் வோரிஸ்ஹோஃபனுக்கு 'பாத்' என்ற பட்டம் கிடைத்தது. ஜெர்மனியில் மருத்துவக் குளியலுக்குப் பேர்போன ஊர்களுக்குத் தரப்படும் அடைமொழி அது. இன்றும் ஜெர்மன் சானாக்களில், சூட்டிலிருந்து வெளியே வந்ததும் காலில் தொடங்கித் தண்ணீர் விடும் குழாய்க்குப் பெயர் க்னைப் குழாய்தான்.

நமக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

க்னைப்பிடம் சிகிச்சை பெற்ற பெனடிக்ட் லஸ்ட் என்பவர்தான் அமெரிக்காவில் நேச்சுரோபதியைப் பரப்பியவர். இதே ஜெர்மன் இயற்கை வைத்திய மரபில் வந்த லூயி கூனே, அடால்ஃப் ஜஸ்ட் ஆகியோரின் புத்தகங்கள் காந்தியை ஈர்த்தன. தமிழ்நாட்டில் யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்கு நீர் சிகிச்சையும் ஒரு பாடம்.

தொட்டியில் இறங்கும் முன் இதைக் கவனிங்க

* குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மூச்சு திணறும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென எகிறும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஐஸ் பாத், சானா இரண்டையும் முயற்சிக்கக் கூடாது.
* தனியாக இறங்க வேண்டாம். தலையை முக்க வேண்டாம்.
* மது அருந்திவிட்டு ஐஸ் தொட்டி, சானா இரண்டு பக்கமும் போகவே கூடாது.
* சானாவில் தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்க. தண்ணீர் குடிங்க.
* யார் அதிக நேரம் தாங்குறாங்கன்னு போட்டி வேண்டாம்.

அந்தக் கடைசி விஷயம்தான் க்னைப் வாழ்க்கையின் பாடமும். 28 வயதில் உயிர் பிழைக்க வேறு வழி தெரியாமல் ஆற்றில் குதித்தவர், அடுத்த 40 வருஷம் மற்றவர்களுக்கு எவ்வளவு குறைவான குளிர் போதும் என்றுதான் தேடினார். வீக்எண்டில் ஐஸ் தொட்டி கிடைக்கலைன்னாலும் கவலை வேண்டாம். காலையில் சீக்கிரம் எழுந்து, ஈரப் புல்லில் வெறுங்காலோடு கொஞ்ச தூரம் நடங்க. அதுவும் க்னைப் சொன்ன வைத்தியம்தான்.