ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்

லெனின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கையை நீட்டிப் பேசுற சிலை, மாஸ்கோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற உடம்பு. இல்லையா? அந்த உடம்பின் தலைக்குள் ஓடிய ரத்தக்குழாய்களுக்கும் ஒரு கதை இருக்கு.

1870-இல் வோல்கா கரையில் சிம்பிர்ஸ்க் ஊரில் பிறந்தவர். பள்ளி ஆய்வாளரான அப்பா 54 வயதில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அடுத்த வருஷமே அண்ணனை ஜார் அரசு தூக்கில் போட்டது. சிறை, சைபீரியா, 1917 புரட்சி எல்லாம் நம்ம ஸ்கூல் புக்லயே இருக்கு, விட்டுடுவோம்.

1921-இல் தலைவலியும் தூக்கமின்மையும் அவரைப் படுத்த ஆரம்பித்தன. 1918-இல் சுடப்பட்டபோது உள்ளே தங்கிய குண்டின் ஈயம்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டு, 1922 ஏப்ரலில் ஒரு குண்டை எடுத்தார்கள். அடுத்த மாதமே முதல் பக்கவாதம். 12-ஐ 7-ஆல் பெருக்கச் சொன்னார் டாக்டர். ஒரு நாட்டையே நடத்தியவரால் முடியவில்லை.

உண்மையில் மூளைக்குப் போகும் தமனிகள் இறுகிக்கொண்டே வந்தன. பாய்சொய் சமன்பாடு படிச்சிருப்பீங்க: குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிடும். எக்ஸாமுக்காக நான் மனப்பாடம் பண்ணினது, இங்கே ஒரு மனுஷனுக்கு நடந்திருக்கு.

டிசம்பரில் மறுபடி தாக்கியது. வலது கை போச்சு. தினமும் ஐந்து முதல் பத்து நிமிஷம் மட்டும் சொல்லி எழுதவைக்கலாம் என்று அனுமதி. அந்த நிமிஷங்களில் கட்சி மாநாட்டுக்கு ஒரு கடிதம் சொன்னார். 1923 ஜனவரி 4 அன்று சேர்த்த பகுதியில், பொதுச்செயலாளர் பதவியிலிருந்து ஸ்டாலினை மாற்றுங்கள் என்று கேட்டிருந்தார்.

மார்ச்சில் மூன்றாவது தாக்குதல், பேச்சே போய்விட்டது. மனைவி குரூப்ஸ்கயா குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார். ரொம்பத் தேறவில்லை. 1924 ஜனவரி 21 அன்று கோர்க்கியில் இறந்தார். வயசு 53.

பிரேதப் பரிசோதனையில் மூளைத் தமனிகளை இடுக்கியால் தட்டினார்கள். கல்லைத் தட்டின மாதிரி சத்தம் வந்ததாம்.

அந்த மே மாதம் மாநாட்டுப் பிரதிநிதிகளுக்குக் கடிதம் வாசிக்கப்பட்டது. ஸ்டாலின் பதவியிலேயே தொடர்ந்தார், 1953 வரை அதிகாரத்திலும். அவர் செத்ததும் மூளை ரத்தக்கசிவால்தான்.